சிறு கணிப்பொறி திகைத்து நிற்பது ஏன்?



கணிப்பொறி வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் சொற்களுள் ஒன்று "ஹேங்" என்பது. "லாப்டாப் ஹேங் ஆகிவிட்டது" என்று பிள்ளைகள் முறையிடுவதைத் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தார் பலரும் கேட்டிருப்பர். எழுதிக்கொண்டிருந்த கட்டுரை பாதியில் நின்றுவிடுகிறது. விசையைத் தட்டினால் எழுத்து விழுவதில்லை. திரையில் அம்புக்குறி அசைவதில்லை. நாளைக் காலையில் பள்ளியிலோ கல்லூரியிலோ ஒப்படைக்க வேண்டிய பாடம் அதற்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறது. இந்நிலையில் பெற்றோர் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கைப்பணத்தைச் செலவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்கின்றனர். அல்லது பழைய பொறிதானே என்று பரணில் தூக்கி வைத்துவிடுகின்றனர். இவ்விரண்டிற்கும் முன்பாக வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க ஆராய்ச்சி சில உண்டு. அவற்றை எளிய முறையில் விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஒரு சொல் இரு பொருளைச் சுமந்து நிற்பதால் விளையும் தொல்லை நன்கு தெரியும். "மெமரி" என்னும் சொல் அத்தகையது. கடைத்தெருவில் கணிப்பொறியின் ராம் என்னும் உறுப்பையும் மெமரி என்கின்றனர். படங்களைச் சேமிக்கும் சிறு அட்டையையும் மெமரி கார்டு என்கின்றனர். "மெமரி போதவில்லை" என்று பொறி அறிவித்தவுடன், 64 ஜி.பி. அட்டை ஒன்றை வாங்கிச் செருகிவிட்டு, குறை தீரவில்லையே என்று வருந்துவோர் பலர். அவர்கள் வாங்கியது வேறு; பொறிக்கு வேண்டியது வேறு. ஆதலின் இப்பேச்சில் ராம் என்பதை நினைவகம் என்றும், கோப்புகளைக் காத்து வைக்கும் இடத்தைச் சேமிப்பகம் என்றும் வேறு பிரித்தே வழங்குவோம்.

இவ்விரண்டின் வேறுபாட்டை அறிய நூல்களைத் தேட வேண்டுவதில்லை. மராத்தியர் "கோலி" என்று சொல்லும் ஒற்றை அறை வீட்டை எண்ணிப் பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி தரை. தலைக்குமேல் ஒரு பரண். பெட்டி, படுக்கை, பண்டபாத்திரம் யாவும் பரணில் இருக்கும். சமைப்பதும் உண்பதும் பிள்ளைகள் படிப்பதும் தரையில்தான். பரண் எவ்வளவு பெரிதாயினும் ஒரே நேரத்தில் எத்தனை பேர் அமரலாம் என்பதைத் தரையே முடிவு செய்கிறது. கணிப்பொறியின் நினைவகம் தரையைப் போன்றது. சேமிப்பகம் பரணைப் போன்றது. ஒரு நிரலைத் திறப்பது என்பது பரணிலிருந்து பாயை இறக்கித் தரையில் விரிப்பதாகும். விளக்கை அணைத்தால் தரை வெறுமையாகும். பரணில் உள்ளவை அப்படியே இருக்கும்.

ஒன்று எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதும் அறியத்தக்கது. இன்று பெருவழக்கான யூ.டி.எஃப்-8 என்னும் குறியீட்டு முறையில் "க" என்னும் எழுத்திற்கு மூன்று பைட்டுகள் வேண்டும். "கி" என்பதற்கு, மெய்யும் குறியுமாக, ஆறு பைட்டுகள். அவ்வாறு கணக்கிட்டால் இப்பேச்சு முழுவதும் ஏறத்தாழ ஐம்பது அறுபது ஆயிரம் பைட்டுகளில் அடங்கிவிடும். ஆனால் கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தை நோக்குங்கள். 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் கொண்ட அப்படம் சேமிப்பகத்தில் சுருக்கி மடித்த நிலையில் மூன்று நான்கு மெகாபைட்டுகளாக இருக்கும். அதனைத் திரையில் விரிக்கும்போதோ, புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட்டுகள் வீதம், நினைவகத்தில் குறைந்தது 36 மெகாபைட்டுகளை அடைத்துக்கொள்ளும். மடித்த புடைவை அலமாரியில் பிடிக்கும் இடமும் விரித்த புடைவை கொடியில் பிடிக்கும் இடமும் ஒன்றல்லவே! எழுத்தால் பொறி திணறுவதில்லை. படங்களாலும் பல பக்கங்களை ஒருங்கே திறந்து வைப்பதாலுமே திணறுகிறது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மும்பைக்கு அண்மையிலேயே உண்டு. ராய்கட் மாவட்டத்தில் கைராத் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே ஓராசிரியர் பள்ளி ஒன்றில் 2007ஆம் ஆண்டில், பச்சையும் வெள்ளையுமான சிறு மடிக்கணிப்பொறிகள் குழந்தைகளுக்கு வழங்கப்பட்டன. "குழந்தைக்கு ஒரு மடிக்கணிப்பொறி" என்னும் அமெரிக்க இயக்கத்தார் உருவாக்கிய எக்ஸ்.ஓ. என்னும் பொறிகள் அவை. நிகோலஸ் நெக்ரபோன்டி என்பவர் தலைமையில் 2005இல் தோன்றிய அவ்வியக்கம், நூறு டாலர் விலையில் ஒரு பொறி என்பதைக் குறிக்கோளாகக் கொண்டிருந்தது. 2007இல் உற்பத்தி தொடங்கியபோது விலை ஏறத்தாழ இருமடங்காகிவிட்டது. நமது மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2006இலேயே இத்திட்டத்தை ஏற்க மறுத்துவிட்டது. எனினும் கைராத்தில் சோதனை முயற்சி நடந்தது. செம்பூரை அடுத்த மான்குர்டில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தைச் சேர்ந்த கட்டற்ற மென்பொருள் ஆர்வலரும் அம்முயற்சியில் ஈடுபாடு கொண்டிருந்தனர்.

அப்பொறியின் அமைப்பு இதுதான்: 433 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள செயலி; 256 மெகாபைட்டு நினைவகம்; 1 ஜி.பி. சேமிப்பகம். சுழலும் வட்டோ விசிறியோ கிடையாது. அதனுள் இயங்கியது லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டார்வால்ட்ஸ் 1991இல் தொடங்கி, உலகெங்கும் உள்ளோர் கூடி வளர்த்த திறந்த மென்பொருள் அது. அதன்மேல் குழந்தைகளுக்கென்றே அமைந்த "சுகர்" என்னும் முகப்பு. தூசியையும் வெயிலையும் தாங்கும் உடல். கடும் வெயிலிலும் படிக்கத்தக்க திரை. ஆயினும் இரண்டு மூன்று செயல்களை ஒருசேரத் திறந்தால் அப்பொறி திகைத்து நின்றுவிடுவது அதைக் கையாண்டோர் யாவரும் அறிந்த குறை. 256 மெகாபைட்டு என்பது மேலே சொன்ன படங்களில் எட்டு விரிப்பதற்கும் போதாதது; முகப்பும் பிற பணிகளும் கொண்ட பங்கு போக எஞ்சுவதோ இன்னும் சிறிது.

நினைவகம் தீர்ந்தால் பொறி "இடமில்லை" என்று சொல்லிவிடலாமே, ஏன் திகைக்க வேண்டும் என்று கேட்கலாம். காரணம் மூன்று.

முதற் காரணம், லினக்ஸ் தாராளமாக வாக்களிக்கும் இயல்புடையது. திருமணத்திற்கு ஐந்நூறு பேரை அழைத்தவர் நானூறு இலைக்குச் சமைப்பதுபோல, நிரல்கள் கேட்கும் இடம் முழுவதையும் தருவதாக அது ஒப்புக்கொள்கிறது. கேட்டவர் யாவரும் ஒருங்கே வந்து அமரமாட்டார் என்பது அதன் கணக்கு. பெரும்பாலும் அக்கணக்குப் பொய்ப்பதில்லை. பொய்க்கும் நாளில் பந்தியில் நெருக்கடி தோன்றுகிறது.

இரண்டாவது, மாற்றிடம் என்னும் ஏற்பாடு. பெரிய பொறிகளில் பரணின் ஒரு பகுதியை வெறுமையாக விட்டு வைத்து, தரையில் இடம் குறையும்போது உடனே வேண்டாதவற்றை அங்கே ஏற்றி வைப்பர். இதனை "ஸ்வாப்" என்கின்றனர். ஏணியில் ஏறி இறங்க நேரமாகும். ஆயினும் வேலை நடக்கும். எக்ஸ்.ஓ. பொறியில் இவ்வேற்பாடு இல்லை. அதன் சேமிப்பகம் மின்ம வகையைச் சார்ந்தது. எழுதி அழிக்கும் முறைக்கு அதில் ஓர் எல்லை உண்டு. ஓயாமல் எழுதினால் தேய்ந்துவிடும் என்பதால் அதனை விலக்கினர். அவ்வாறு விலக்கியபின், இடம் வேண்டும்போது பொறி என்ன செய்யும்? நிரல்களின் மூலப்படி பரணில் உள்ளதல்லவா? ஆகவே தரையில் உள்ள நிரற்பகுதிகளைக் கைவிட்டு, மறுகணம் வேண்டும்போது மீண்டும் பரணிலிருந்து எடுத்து வரும். எடுத்ததை வைக்க இன்னொன்றைக் கைவிடும். அதையும் உடனே எடுக்க நேரிடும். இவ்வாறு எடுப்பதும் விடுவதுமே முழுநேரத் தொழிலாகிவிட, நாம் தட்டும் விசைக்குச் செவிசாய்க்க அதற்கு ஓய்வில்லை. வெளியிலிருந்து நோக்கும் நமக்கு அது உறங்குவதுபோல் தோன்றுகிறது. உண்மையில் அது ஓயாது உழைத்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, எல்லா வழியும் அடைபட்டபின் லினக்ஸ் ஒரு நிரலைத் தேர்ந்து அதனை முடித்துவிடும். "ஓ.ஓ.எம். கில்லர்" என்பது அதன் பெயர். பெரும்பாலும் மிகுதியான இடத்தைப் பிடித்திருப்பதே அதற்கு இரையாகும். குழந்தை வரைந்துகொண்டிருந்த படம் திடீரென மறைந்துபோவது இதனால்தான். சுகர் முகப்பில் ஒரு செயலை விட்டு மற்றொன்றிற்கு மாறும்போது, செய்த வேலை நாட்குறிப்பு என்னும் பகுதியில் தானே சேமிக்கப்படும். ஆயினும் கடைசியாகச் சேமித்ததற்குப் பின் செய்தது போனது போனதே.

இனி நம் வீட்டில் உள்ள பொறிக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தின்கீழ் வழங்கிய பொறிகள், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் விண்டோஸையும் ஒருங்கே தாங்கி வந்தவை. ஊரில் படிப்பை முடித்து மும்பைக்கு வேலை தேடி வரும் இளைஞருடன் அவையும் வருகின்றன. அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்கும் தங்கை கைக்கும் மாறுகின்றன. கிராண்ட் ரோடு நிலையத்திற்கு அருகே லாமிங்டன் சாலையில் வாங்கிய பழைய சிறு பொறிகளும் பல வீடுகளில் உண்டு. இவற்றுள் லினக்ஸ் இயங்குவதாகக் கொண்டு, திகைப்பு நேர்ந்தால் ஆராயும் முறையைக் காண்போம்.

முதலில், திகைப்பு எவ்வகையது என்று பாருங்கள். அம்புக்குறி இயல்பாக அசைய, ஒரே ஒரு சாளரம் மட்டும் அசையாதிருந்தால் குற்றம் அந்நிரலுடையது. அதனை மட்டும் மூடினால் போதும். அம்புக்குறி தத்தித் தத்தி நகர, சேமிப்பக விளக்கு ஓயாமல் மினுக்குமாயின் அது பெரும்பாலும் நினைவக நெருக்கடி. யாவும் அசைவற்று நின்றால், விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். அதற்குரிய விளக்கு எரிந்து அணைந்தால் பொறியின் உட்கரு விழித்திருக்கிறது. எத்தனை முறை தட்டினாலும் விளக்கு மாறாதிருந்தால் உட்கருவே நின்றுபோயிருக்கக்கூடும். வெப்பத்தையோ உறுப்புப் பழுதையோ ஐயுற வேண்டும்.

நினைவக நெருக்கடி எனத் தோன்றினால் உடனே செய்ய வேண்டியது காத்திருப்பதே. பதற்றத்தில் பத்து விசைகளைத் தட்டினால், அப்பத்துக் கட்டளையும் வரிசையில் சேர்ந்து சுமையைக் கூட்டும். ஐந்து நிமிடம் கைகட்டி நிற்பது பல சமயங்களில் பயன் தரும். அதன்பின்னும் வழி பிறக்காவிடில், கண்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துக. பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் எழுத்து மட்டும் தோன்றும் கருந்திரை ஒன்று வரும். அதில் பெயரும் கடவுச்சொல்லும் தந்து நுழைந்து, "டாப்" என்னும் ஆணையை இட்டால், எந்த நிரல் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்ற பட்டியல் தெரியும். இடத்தை விழுங்கியதை அங்கிருந்தே முடித்துவிடலாம். எக்ஸ்.ஓ. பொறியிலோ கண்ட்ரோல், ஆல்ட், அழிப்பு விசை மூன்றையும் சேர்த்து அழுத்தினால் முகப்பு மட்டும் புதிதாகத் தொடங்கும்.

இவ்வாணைகளின் விடையைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. "வெறுமையாக உள்ள நினைவகம்" என்ற இடத்தில் மிகச் சிறிய எண் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டா. வெறுமையாக இருக்கும் தரையை வீணாக்க விரும்பாத லினக்ஸ், அண்மையில் படித்த கோப்புகளின் படிகளை அங்கே பரப்பி வைத்திருக்கும். வேண்டும்போது உடனே சுருட்டிவிடும். அவைலபிள், அதாவது பெறக்கூடியது என்ற பத்தியில் உள்ள எண்ணையே நோக்குக. நிரல்கள் ஓடும்போதே அவ்வெண் மெல்ல மெல்லத் தேய்ந்து, மாற்றிடமும் நிறைந்துகொண்டு வருமாயின் அதுவே நெருக்கடியின் அறிகுறி.

காலையில் நன்றாக ஓடிய பொறி, அதே நிரல்களைத் திறந்து வைத்திருந்தும் மாலையில் திணறுகிறதா? அங்கே கசிவை ஐயுறலாம். பெற்ற இடத்தைத் திருப்பித் தராத நிரல் குடிவந்தவர் திண்ணையையும் பிடித்துக்கொள்வதுபோல் வளர்ந்துகொண்டே போகும். அதனை மூடித் திறந்தால் நோய் தணியும். புதிய பதிப்பு வந்திருந்தால் நிறுவிக்கொள்க.

வேறு வழியே இல்லாதபோதுதான் மின் விசையை ஐந்து முதல் பத்து விநாடி வரை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு சிதையக்கூடும் என்பதால் இது கடைசி முறை. மீண்டும் தொடங்கியதும், என்ன திறந்திருந்தது, எத்தனை மணிக்கு நின்றது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். நான்கைந்து குறிப்புகள் சேர்ந்தால் காரணம் தானே புலப்படும். பழுது பார்ப்பவரிடம் செல்ல நேர்ந்தாலும், "அடிக்கடி நிற்கிறது" என்பதைக் காட்டிலும் அக்குறிப்பு ஆயிரம் மடங்கு உதவும்.

நிலையான பரிகாரங்கள் எவை? செலவில்லாத பரிகாரம், இணைய உலாவியில் திறந்து வைக்கும் பக்கங்களைக் குறைப்பதே. அடுத்தது, எல்.எக்ஸ்.கியூ.டி., எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற எளிய முகப்பை நிறுவுவது. மூன்றாவது, மாற்றிடம் அமைப்பது. அதிலும் "ஸெட்-ராம்" எனப்படும் ஒரு முறை சிறப்புடையது. உடனே வேண்டாதவற்றைப் பரணில் ஏற்றாமல், போர்வையைச் சுருட்டிக் கட்டுவதுபோல் தரையிலேயே அமுக்கி வைப்பது அது. பெடோரா லினக்ஸ் 2020இல் வெளிவந்த 33ஆம் பதிப்பு முதல் இதனை இயல்பாகவே வழங்குகிறது. நான்காவது, சேமிப்பகத்தில் பத்தில் ஒரு பங்கேனும் வெறுமையாக வைத்திருப்பது. எக்ஸ்.ஓ. பொறியின் முதற்பதிப்புகளில் சேமிப்பகம் முற்றும் நிறைந்துவிட்டால் பொறி தொடங்கவே மறுத்ததுண்டு.

பணம் செலவிட மனமிருந்தால் நினைவகப் பலகையைப் பெருக்கலாம். 2 ஜி.பி. உள்ள பொறிக்கு 4 ஜி.பி. ஆக்குவது புத்துயிர் தந்ததுபோலாகும். ஆனால் வாங்கும் முன், உங்கள் பொறியில் நினைவகம் கழற்றக்கூடியதா, பற்றவைத்ததா என்று கேட்டறிக. எக்ஸ்.ஓ. பொறியில் அது பற்றவைத்தது, மாற்ற இயலாது. கழற்றக்கூடியதாயின் பழைய பலகையைக் கையோடு கொண்டுசென்று அதே இனத்தைக் கேளுங்கள், டி.டி.ஆர்.-3 பொருந்தும் இடத்தில் டி.டி.ஆர்.-4 பொருந்தாது.

உறுப்புப் பழுதை ஐயுற்றால் சோதனை இரண்டு. விசிறி வாயில் அடைந்த தூசியை நீக்கி, மெத்தைமேல் வைக்காமல் பலகைமேல் வைத்து ஓட்டிப் பாருங்கள். திகைப்பு நின்றால் காரணம் வெப்பம். அடுத்து, "மெம்டெஸ்ட்" என்னும் சோதனை நிரலை இரவு முழுதும் ஓட விடுங்கள். அதில் ஒரு பிழை தோன்றினாலும் நினைவகத்தை நம்புவதற்கில்லை. மும்பை மழைக்காலத்து ஈரத்தால் பலகையின் தொடுமுனைகளில் களிம்பு படிந்திருக்கலாம். பொறியை அணைத்து, மின்கலத்தையும் கழற்றியபின், பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் துடைத்துப் பொருத்திவிட்டு மறுபடி சோதிப்பது பழுது பார்ப்போர் கைக்கொள்ளும் முறை. மின்கலம் உப்பியிருந்தால் மட்டும் எதையும் தொடாது உடனே தக்கவரிடம் ஒப்படைக்கவும். அது தீப்பற்றும் தன்மையது.

மிகப் பழைய சிறு பொறிகளைப் பற்றி ஒரு செய்தி. 32 பிட் செயலி உடைய பொறிகளைப் பெரிய லினக்ஸ் வகைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ஆம் பதிப்பில் அவற்றிற்கான நிறுவி இல்லை. 2023இல் வந்த 12ஆம் பதிப்பே அதன் கடைசி. ஆகவே பழைய பொறி வாங்குவோர், செயலி 64 பிட் வகையா என்று கேட்டு வாங்குவது நலம்.

பழுது பார்ப்பது நிபுணர் தொழில், நமக்கேன் இவ்வாராய்ச்சி என்று சிலர் எண்ணலாம். திறந்த மென்பொருளின் சிறப்பே, உள்ளே நடப்பதை உடையவர் பார்க்கலாம், கேட்கலாம், மாற்றலாம் என்பதுதான். பார்க்கும் உரிமை இருந்தும் பாராதிருப்பவர்க்கு அவ்வுரிமையால் பயன் என்ன? ஊரை விட்டு வந்து, ஒற்றை அறையில் குடும்பம் நடத்தி, மிச்சம் பிடித்த பணத்தில் பிள்ளைக்கு ஒரு பொறி வாங்கித் தரும் பெற்றோர்க்கு, அப்பொறி இன்னும் இரண்டாண்டு உழைப்பது சிறு விஷயமன்று. பள்ளிப்படிப்பின் கடைசி ஆண்டையோ கல்லூரியின் முதலாண்டையோ அவ்விரண்டாண்டில் ஒரு பிள்ளை கடந்துவிடும். ஆகவே, அடுத்த முறை பொறி திகைத்து நின்றால் அதனைத் தட்டாதீர்கள், பிள்ளையைத் திட்டாதீர்கள். சற்றுப் பொறுத்து, விளக்கை நோக்கி, தரையில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.